ஸ்டீயரிங் கனத்தால் வண்டி ஏதோ சொல்கிறது

பவர் ஸ்டீயரிங் இல்லாத சின்ன டிராக்டரில், குப்பையும் மண்ணும் அள்ளித் தூக்குகிற பக்கெட்டோடு வரும் முன்பக்க லோடர் மாட்டலாமா என்று எங்கள் பக்கம் யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்தான் வரும். "தோள்பட்டை போயிருங்க, வேண்டாம்" என்பது ஒன்று. "மொதல்ல கிட் வாங்கி பவர் ஸ்டீயரிங் போடுங்க, அப்புறம் லோடரைப் பத்திப் பேசலாம்" என்பது இன்னொன்று. இரண்டுமே பட்டவர்கள் சொல்வதுதான். ஆனால் அப்படியொரு வண்டியில் பல வருடமாக லோடர் ஓட்டுகிறவனாக எனக்கு வேறொரு கருத்து உண்டு. பாரம் வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, களத்தில் வண்டி எந்த இடத்தில் திரும்புகிறது, இந்த இரண்டையும் ஒழுங்கு பண்ணிவிட்டால் சாதாரண ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டே நாள் முழுக்க வேலை பார்க்கலாம். ஒழுங்கு பண்ணாமல் விட்டால், பவர் ஸ்டீயரிங் போட்டாலும் வண்டி முன்பக்கம் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். கை வலிக்காது என்பதால் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

எங்களுடையது ராசிபுரத்துக்கு மேற்கே கொஞ்சம் தோட்டம். மரவள்ளியும் மஞ்சளும் மாறி மாறி வரும். மஞ்சள் நடவுக்கு முன்னால் கோடையில் குப்பை ஓட்ட வேண்டும். நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் கோழிக்குப்பை கிடைக்கும்; மாட்டுக்குப்பை வீட்டிலேயே உண்டு; ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் வருடங்களில் வண்டலும் சேரும். இத்தனையையும் கூடையில் அள்ளி டிரெய்லருக்கு ஏற்ற இப்போது ஆள் கிடைப்பதில்லை. ஜேசிபி கூப்பிடலாம். ஆனால் அது ஏழு டன்னுக்கு மேல் எடை. எங்கள் தென்னை வரிசைக்குள் நுழைந்து திரும்ப முடியாது, ஈரக் காட்டில் இறங்கினால் மண் இறுகிப்போகும். வீட்டில் நிற்கிற மாசே பெர்குசன் 1035-இல் ஒரு லோடர் இருந்தால் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் வேலை நடக்கும். 36 குதிரைத்திறன் வண்டி, சாதாரண மெக்கானிக்கல் ஸ்டீயரிங்.

இந்த வண்டியின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது என்பது பாதி விளங்கிவிடும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கோவன்ட்ரி நகரில் தயாரான பெர்குசன் டிஇ20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டர், 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. கலப்பை போன்ற கருவிகளை வண்டியின் பின்னால் மூன்று இடத்தில் பிடிக்கிற, ஹாரி பெர்குசன் கொண்டுவந்த மூன்றுபுள்ளி இணைப்புதான் அதன் உயிர். கலப்பை மண்ணை இழுக்கிற இழுவையே வண்டியின் எடையைப் பின்சக்கரத்தின் மேல் அழுத்தும். அதனால் வண்டி லேசாக இருந்தாலும் வழுக்காமல் உழும். அந்த வழியில் வந்தது 35 மாடல். அதன் வாரிசுதான் 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் 1035. ஆக, இந்தக் குடும்பத்து வண்டிகள் எல்லாமே பின்னால் பாரம், முன்னால் லேசு என்ற கணக்கில் செய்யப்பட்டவை. முன்சக்கரத்துக்கு வழிகாட்டுகிற வேலை மட்டும்தான். அதன் அச்சு, சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப், ஸ்டீயரிங் பெட்டி எல்லாமே அந்த வேலைக்குத் தக்க தடிமனில் இருக்கும். நாம் லோடரை மாட்டும்போது அந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறோம்.

எவ்வளவு தலைகீழ் என்று ஒரு முறை பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வண்டி 1700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்தில் நான்கு பங்கு முன்னால், ஆறு பங்கு பின்னால்: முன் அச்சில் 680 கிலோ, பின்னால் 1020. லோடர் சட்டமும் வெறும் பக்கெட்டும் சேர்ந்து 350 கிலோ. அதன் எடை முன் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழுவதால் முன்பக்கம் 400 கூடும், பின்பக்கம் 50 குறையும். இப்போது பக்கெட்டில் 300 கிலோ அள்ளுகிறோம். அது முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுக்கும் இடைவெளி 1.8 மீட்டர். கடப்பாரையால் கல்லைப் பெயர்க்கிற அதே கணக்குதான்: முன் அச்சு தாங்குகல்லாகி, பின்பக்கத்திலிருந்து 200 கிலோவைத் தூக்கி முன்னால் கொட்டுகிறது. 300 கிலோ அள்ளினால் முன் அச்சில் ஏறுவது 500 கிலோ. மொத்தம் முன்னால் 1580, பின்னால் 770. வெறும் வண்டியாக இருந்தபோது இருந்ததைவிட முன்சக்கரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்டீயரிங் கனக்காமல் என்ன செய்யும்?

அள்ளுகிற பொருளைப் பொறுத்தும் இது மாறும். கால் கன மீட்டர் பக்கெட்டில் காய்ந்த கோழிக்குப்பை நிரம்ப அள்ளினாலும் நூற்றுச் சொச்சம் கிலோதான். அதே பக்கெட்டில் ஈர வண்டல் நிரம்பினால் 400 கிலோவைத் தொட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறைவாகத்தான் தெரியும். ஸ்டீயரிங் மட்டும்தான் வித்தியாசத்தைச் சொல்லும். வண்டலை நான் எப்போதும் அரை பக்கெட்டுக்கு மேல் அள்ளுவதில்லை. நாலு நடை கூடும், கூடட்டும்.

சரி, இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு திருப்புவது எப்படி? நின்ற இடத்தில் திருப்பவே கூடாது. வண்டி நிற்கும்போது டயர் தரையில் ஒட்டியிருக்கிற இடம் அப்படியே மண்ணை அரைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். 1580 கிலோ மேலே உட்கார்ந்திருக்கும்போது அந்த உரசல் முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வரும். மணிக்கட்டுக்கு வருவதற்கு முன்னால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பிகளான டை ராடு, டிராக் லிங்க், ஸ்டீயரிங் பெட்டியின் பற்கள் எல்லாவற்றின் வழியாகவும் வரும். வண்டி அரை அடி உருண்டால் போதும், நிலைமையே வேறு. டயர் உருண்டபடியே திரும்புவதால் அரைக்கிற உரசல் பெருமளவு போய்விடும்.

பழகிய கை இதை எப்படிச் செய்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன். முதல் கியர் அல்லது ரிவர்ஸ், இன்ஜின் வேகம் குறைவாக. கிளட்ச்சை விடும்போது ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பேன், இழுக்க மாட்டேன். சக்கரம் அசைந்தது இருக்கையில் தெரியும், அந்த நொடியில்தான் இழுவை ஆரம்பம். மேலிருந்து கீழே, முதுகு இருக்கையில் ஒட்டியபடி, இரண்டு கையாலும் கால் சுற்று. வண்டி உருண்டுகொண்டே இருக்கிறது. மறுபடி கால் சுற்று. நிறுத்துவதற்கு முன்னாலேயே சக்கரத்தை நேர்ப்படுத்தி விட வேண்டும். ஏனென்றால் அடுத்த முறை கிளம்பும்போது நின்ற சக்கரத்தை நேர்ப்படுத்தும் வேலை இருக்கக் கூடாது. கட்டைவிரல் வளையத்துக்கு வெளியே, மற்ற விரல்களோடு சேர்ந்து. இதைப் புதிதாக ஓட்டுகிறவர்களிடம் நான் விடாமல் சொல்வேன். முன்சக்கரம் கல்லிலோ வேர்க்கட்டையிலோ பட்டால் சாதாரண ஸ்டீயரிங் படக்கென்று சுழலும். குறுக்குக் கம்பி கட்டைவிரலில் அடித்தால் எலும்பு முறியும். இதே காரணத்துக்காகத்தான் ஸ்டீயரிங்கில் மாட்டுகிற உருண்டைக் குமிழ் இந்த வண்டிக்கு வேண்டாம் என்கிறேன். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அது வசதி. இதில் அது மணிக்கட்டையோ முழங்கையையோ பதம் பார்க்கும்.

இன்னொரு விஷயம் உட்கார்ந்து ஓட்டினால்தான் தெரியும். லோடர் லிவர் வலதுபக்கம் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் வண்டியில் இடது கையால் திருப்பிக்கொண்டே வலது கையால் பக்கெட்டைத் தூக்கலாம். இதில் திருப்புவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலை. குத்து, அள்ளு, பக்கெட்டைப் பின்னால் மடக்கு, தரையிலிருந்து ஒரு அடிக்குத் தூக்கு, லிவரை விடு, பிறகு ரிவர்ஸ். இந்த வரிசை பழகினால் வேகம் தானாக வரும். அவசரப்பட்டு ஒற்றைக் கையால் திருப்புகிறவர்களுக்குத்தான் தோள்பட்டை போகிறது.

திருப்புவதையே குறைத்துவிட்டால் இன்னும் நல்லது. குப்பைமேட்டின் முன்னால் டிரெய்லரைக் குறுக்காக நிறுத்திவிட்டு, அள்ளி, ரிவர்ஸில் ஒடித்து, முன்னால் ஒடித்து, கொட்டி என்று ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நடையிலும் பாரத்தோடு இரண்டு முழு ஒடிப்பு. நான் டிரெய்லரைக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து, கொஞ்சம் சாய்த்து நிறுத்துவேன். அள்ளியதும் நேராகப் பின்னால் போய், முன்னால் வரும்போது நீண்ட வளைவில் மெல்லச் சாய்ந்து டிரெய்லரை அடைவது. பின்னால் போகிற தூரம் கூடும்; டீசல் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் பாரத்தோடு எங்கேயும் முழுதாக ஒடிக்க வேண்டியதில்லை. ஒடிக்க வேண்டியதையெல்லாம் காலி பக்கெட்டோடு, டிரெய்லரிலிருந்து திரும்பி வரும்போது செய்துகொள்ளலாம். வேலை ஆரம்பிக்கும் முன் களத்தை ஒரு சுற்று நடந்து, டிரெய்லர் எங்கே, மேட்டை எந்தப் பக்கமிருந்து தின்னுவது என்று பார்ப்பதில் செலவாகிற நேரம் எனக்கு எப்போதும் லாபமாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது பின்பாரம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன், இதில்தான் நிறைய குழப்பமும் இருக்கிறது. "பின் டயர்ல தண்ணி ஊத்தியாச்சு, வீல் வெயிட் போட்டாச்சு, அப்பவும் ஸ்டீயரிங் கனமாத்தான் இருக்குது" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. கனமாகத்தான் இருக்கும். டயரில் ஊற்றிய தண்ணீரும் சக்கரத்தில் மாட்டிய இரும்பும் பின் அச்சுக்கு நேராக உட்காருகின்றன. பின்சக்கரம் வழுக்காமல் இருக்க, பின்பக்கம் தூக்காமல் இருக்க அவை நல்லது. முன் அச்சின் பாரத்தில் ஒரு கிலோவைக்கூட அவை குறைக்காது. பாரம் பின் அச்சுக்குப் பின்னால் தொங்கினால்தான் முன்பக்கம் லேசாகும். அதே கடப்பாரைக் கணக்கு, இந்த முறை நமக்குச் சாதகமாக.

மூன்றுபுள்ளி இணைப்பில் 400 கிலோ, பின் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். பின்னால் 600 கிலோ கூடுகிறது, முன்னால் 200 கிலோ குறைகிறது. முன்பு 1580 முன்னால், 770 பின்னால் என்று இருந்தது, இப்போது முன்னால் 1380, பின்னால் 1370 என்று ஆகிறது. அதே 400 கிலோவைச் சக்கரத்தில் மாட்டியிருந்தால் முன்னால் 1580 அப்படியே நிற்கும். 200 கிலோ குறைவதை ஓட்டுகிறவர் முதல் திருப்பத்திலேயே உணர்வார்.

எங்கள் பாரம் ஒரு பழைய 200 லிட்டர் டிரம். கீழ்ப்பக்கம் ஒரு கனத்த இரும்புத் தண்டைக் குறுக்கே செருகி இருபுறமும் லிங்க் பின் அளவுக்கு நீட்டி, மேலே மூன்றுபுள்ளி இணைப்பின் மேல்கையான டாப் லிங்க்குக்கு ஒரு காது வைத்து, உள்ளே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றியது. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ. ஆகவே முழு டிரம் நிறைந்தால் 480 கிலோ வரும். 400 போதும் என்பவர்கள் மேலே கொஞ்சம் விட்டுவிட்டு ஊற்றலாம். கல்டிவேட்டரையோ ரோட்டவேட்டரையோ பின்பாரமாகத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. வேலை நடக்கும், ஆனால் நீளமாகவும் அகலமாகவும் இருப்பதால் குறுகிய இடத்தில் எதிலாவது இடிக்கும். டிரம் அடக்கமாக நிற்கும்.

வண்டியின் பங்கும் இருக்கிறது. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு முறை முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டை கொடுத்துவிட்டு, முன்சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின்னை இடது பக்கம் கழற்றி என் கையில் கொடுத்தார். பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கியது, இன்னொரு பக்கம் துரு. "கிரீஸ் உள்ள போகவே இல்லீங்க தம்பி. நிப்பிள் அடைச்சுக்கிச்சு. வெளிய வழியிற கிரீஸைப் பார்த்துட்டு உள்ள போயிருச்சுன்னு நெனைக்கிறது" என்றார். கீழே இருந்த த்ரஸ்ட் பேரிங்கைக் கையில் சுழற்றினால் கரகரவென்றது. முன்பக்கப் பாரம் மொத்தமும் இரண்டு பக்கத்திலும் இந்தச் சின்ன பேரிங்கின் மேல்தான் உட்காருகிறது. லோடர் வண்டிக்கு இது உலர்ந்தால் எந்தப் பின்பாரமும் காப்பாற்றாது. பேரிங்கும் புஷ்ஷும் புதிதாகப் போட்டு, நிப்பிள் மாற்றி, முன்பக்கத்தைத் தூக்கிய நிலையிலேயே கிரீஸ் அடிக்கச் சொன்னார். சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது அடித்தால் பாரம் தாங்குகிற முகத்துக்குள் கிரீஸ் நுழையாது. தூக்கினால் இடைவெளி திறக்கும். லோடர் ஓடுகிற வாரங்களில் இப்போது அப்படித்தான் அடிக்கிறோம்.

கூடவே முன் டயர் காற்று. மெத்தென்று இருந்தால் தரையில் படுகிற இடம் பெரிதாகி ஸ்டீயரிங் கனக்கும். டயரிலும் கையேட்டிலும் அனுமதித்த உச்ச அளவை ஒட்டி வைப்பது லோடர் வேலைக்கு நல்லது. அதைத் தாண்டக் கூடாது. மூன்று வரி ரிப் டயரின் நடுவரி முழுதும் தேய்ந்து போயிருந்தால் திரும்பும்போது நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். அப்போது உள்பக்க பிரேக்கை, அதாவது திரும்புகிற பக்கத்துப் பின்சக்கரத்தின் பிரேக்கை மட்டும், லேசாகத் தொட்டு உதவலாம், வேகம் மிகக் குறைவாக இருந்தால் மட்டும். பின்சக்கரம் லேசாகிவிட்ட வண்டியில் பிரேக்குக்கும் பிடிப்பு குறைவு என்பதை மறக்கக் கூடாது. இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கிற டிஃபரன்ஷியல் லாக் திருப்பும்போது கண்டிப்பாகக் கூடாது.

கவிழ்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊசலாடும். மேடுபள்ளத்தில் முன்சக்கரம் ஏறி இறங்க அது வேண்டும். ஆனால் அதன் அர்த்தம், பக்கவாட்டில் வண்டியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் பின்சக்கரங்கள்தான். பக்கெட் நிறைய அள்ளி உயரத் தூக்கும்போது பின்சக்கரத்தின் பாரம் குறைந்து, எடையும் மேலே போய்விடுகிறது. அந்த நிலையில் ஒரு பின்சக்கரம் வரப்பில் ஏறினால் போதும். ஆகையால் நகரும்போது பக்கெட் தாழ்ந்தே இருக்க வேண்டும். டிரெய்லரை நெருங்கி நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். சரிவில் பாரத்தோடு ஏறும்போது முன்பக்கம் மேட்டைப் பார்க்க வேண்டும், இறங்கும்போது ரிவர்ஸில் இறங்க வேண்டும். குறுக்கே போகவே கூடாது.

பவர் ஸ்டீயரிங் கிட்டுக்கு நான் எதிரி இல்லை. வயதானவர்களுக்கும், கை முட்டியில் வலி இருப்பவர்களுக்கும், நாள் முழுக்கக் கூலிக்கு லோடர் ஓட்டுகிறவர்களுக்கும் அது அவசியம். போடுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். லோடருக்கென்று இன்ஜின் முன்னால் மாட்டிய பம்பிலிருந்தே ஸ்டீயரிங்குக்கும் எண்ணெய் எடுப்பதானால், ஸ்டீயரிங்குக்கு முதலில் பங்கு கொடுக்கிற பிரையாரிட்டி வால்வு கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கெட் தூக்குகிற நேரத்தில் ஸ்டீயரிங் இறுகி நிற்கும். அதைவிட முக்கியமானது, கிட் போட்டாலும் முன் அச்சு அதே அச்சுதான், ஹப் பேரிங் அதே பேரிங்தான். முன்பு கை தாங்காமல் பாரத்தைக் குறைத்தவர், இப்போது ஒரு விரலால் திருப்பிக்கொண்டே முழு பக்கெட் வண்டலை ஏற்றுவார். சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிண்டில் வளைந்து, முன் அச்சு ஊசலாடுகிற சென்டர் பின்னின் புஷ் ஓவலாகி வருகிற வண்டிகளில் பல பவர் ஸ்டீயரிங் வண்டிகள்தான் என்று அதே மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். ஆகவே முதலில் பின்பாரம், அப்புறம் கிட் என்பதே என் வரிசை.

பழைய வண்டி வாங்கி லோடர் மாட்ட நினைப்பவர்கள் விலை பேசும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கை பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் கட்டை கொடுத்துவிட்டு, இரண்டு முன்சக்கரமும் காற்றில் இருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பிப் பாருங்கள். விரல் நுனியில் சீராகச் சுழன்றால் பெட்டியும் கிங் பின்னும் நல்ல நிலையில் உள்ளன. பிறகு தெரிகிற கனமெல்லாம் பாரத்தினால் வருவது, அதைப் பின்பாரத்தாலும் ஓட்டுகிற விதத்தாலும் சமாளிக்கலாம். நடுவில் எங்காவது இடறினால் பெட்டிக்குள் பல் தேய்ந்திருக்கிறது. முழுக்க இறுக்கமாக இருந்தால் கிங் பின்னைச் சந்தேகப்படுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஹப் பேரிங்கின் ஆட்டம் தெரியும். இவற்றைச் சரிசெய்கிற செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உழவுக்கு வேண்டுமானால் அந்த வண்டியை வாங்கலாம், லோடருக்கு வேறு வண்டி பாருங்கள்.